கொம்பியூட்டர் வெட்டினதாம்!

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. எதன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் ஒரு வாக்கியம் காதில் விழும்: "நாங்க ஒண்டும் செய்யேலா. கொம்பியூட்டர்தான் வெட்டினது." சொல்பவர் உத்தியோகத்தர். கேட்டுக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் ஒரு பெண். அதற்குப் பிறகு அவர் பேசுவதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். வாயில்லாதவர்களா இவர்கள்? வறியவருக்கான அரச உதவியான சமுர்த்தியின் பட்டியலில் பெயர் விடுபட்டபோது உத்தியோகத்தரின் படலையடிக்கே போய் நின்று, அவருடைய பரம்பரையையும் சேர்த்து இழுத்து ஏசிவிட்டு வந்தவர்கள். கொம்பியூட்டர் என்றதும் கடதாசிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுகிறார்கள்.

மனிசன்தான் ஆள் பார்ப்பான், மெசின் ஆள் பார்க்காது என்ற நம்பிக்கை இவர்களுடைய வாயை அடைத்து வைத்திருக்கிறது. படிக்காதவர்களின் நம்பிக்கை என்று யாரும் மெத்தனமாக இருக்க வேண்டாம். செயற்கை நுண்ணறிவு பற்றிய கருத்தரங்குகளில் கழுத்துப்பட்டி கட்டியவர்கள் சொல்வதும் இதைத்தான், கொஞ்சம் திருத்தமான தமிழில்: மனிதத் தலையீடு குறையக் குறைய நீதி கூடும். இது பொய். மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும், எழுவானிலும் படுவானிலும், இந்தப் பொய்க்குச் சனங்கள் மாதாமாதம் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம்பிக்கை வானத்திலிருந்து விழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1995இல் தொடங்கிய சமுர்த்தி யாருடைய கைக்குள் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். வசதியான வீட்டுக்காரர் பட்டியலில் இருப்பார், வேலிக்கு மற்றப்பக்கம் இருக்கும் கைம்பெண் இருக்க மாட்டார். கட்சி ஒரு பக்கம். எங்கள் ஊர்களில் அதோடு குடி, கோயில் வண்ணக்கர் யார், எந்தப் பள்ளிவாசலின் ஜமாஅத் என்ற கணக்குகளும் சேர்ந்துகொண்டன. இப்படிப் பட்டுப் பட்டு வந்த சனத்திடம் போய், இனிமேல் மனிதர்கள் தெரிவு செய்யப்போவதில்லை, புள்ளிகள்தான் தெரிவு செய்யும் என்று சொன்னால் யார்தான் கும்பிட மாட்டார்கள்?

சொன்னார்கள். நாடு வங்குரோத்தாகி ஏறத்தாழ ஓராண்டு கழிந்து, சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்குத் தலையசைத்தது. அதே ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் உலக வங்கி சமூகப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்கு 20 கோடி டொலரை ஒதுக்கியது. ஜூலை 1ஆம் திகதி சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் அஸ்வெசும என்ற புதிய உதவித் திட்டம் வந்து உட்கார்ந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பரப்புகளில் 22 அளவுகோல்கள். வீடு வீடாகப் போய்த் தரவு எடுத்தார்கள், புள்ளி போட்டார்கள், பட்டியல் வந்தது. அப்போது மிகவும் வறியவருக்கு மாதம் 15,000 ரூபாய், வறியவருக்கு 8,500, அதற்கு மேல் உள்ள இரண்டு படிகளுக்கு 5,000உம் 2,500உம். பட்டியல் ஒட்டப்பட்ட சில வாரங்களுக்குள் நாடெங்கும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. பிரதேச செயலகங்களின் முன்னால் சனம் கூடிக் கத்தியது.

இது செயற்கை நுண்ணறிவா என்று விசயம் தெரிந்த தம்பிமார் மடக்குவார்கள். இல்லைத்தான். கேள்விக்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு ஒரு நிறை, கடைசியில் ஒரு கூட்டுத்தொகை; அவ்வளவுதான் அதன் அறிவு. ஆனால் செயற்கை நுண்ணறிவின் அறம் என்று உலகம் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்விகள் எல்லாம், யாருடைய தரவு, யார் வைத்த நிறை, பிழைத்தால் யார் பொறுப்பு என்பவை எல்லாம், இந்த ஏழைச் சூத்திரத்துக்குள்ளேயே முழுசாக இருக்கின்றன. இதையே நியாயமாக நடத்தத் தெரியாத ஓர் அரசு, ஏன் இந்த விடை வந்தது என்று செய்தவருக்கே விளக்கத் தெரியாத கருவிகளை நாளைக்குக் கொண்டுவந்து இறக்கப்போகிறது. ஆகவே சின்னதிலேயே பார்த்துக்கொள்வோம்.

இத்தகைய சூத்திரத்தின் அடிப்படை என்ன? வறியவரின் வருமானத்தை நேரே அளக்க முடியாது. வாவியில் வீச்சு வலை எறிபவர் இன்றைக்கு இறாலோடு கரையேறுவார், நாளைக்கு வெறுங்கையோடு. அவரிடம் சம்பளச் சீட்டு இல்லை. ஆகவே வருமானத்தை விட்டுவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளங்களைப் பிடிக்கிறார்கள்: சுவர் என்ன, கூரை என்ன, மலசலகூடம் உண்டா, வாகனம் உண்டா, காணி எவ்வளவு. இப்படியான அடையாளங்கள் உள்ள குடும்பங்கள் நாட்டில் சராசரியாக எவ்வளவு செலவழிக்கின்றன என்று பழைய ஆய்வுத் தரவுகளை வைத்துக் கணக்கிட்டு, உங்கள் வீட்டையும் அந்தச் சராசரிக்குள் போடுகிறார்கள். வீட்டுக்குள் அடுப்பு எரிகிறதா என்று அது பார்ப்பதில்லை. உங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் வழக்கமாக அடுப்பு எரியுமா என்று பார்க்கிறது. 2022இல் எல்லாம் சரிந்து விழுவதற்கு முன் இந்த நாட்டில் கடைசியாக நடந்த பெரிய குடும்ப வருமான, செலவு ஆய்வு 2019ஆம் ஆண்டுடையது. மூன்று வருசத்துக்குள் அரிசி விலை எங்கே போனது, மண்ணெண்ணெய் விலை எங்கே போனது? சுவர் மட்டும் அப்படியே நின்றது.

இனிச் சுவரைப் பற்றிப் பேசுவோம். மட்டக்களப்பில் சுவருக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது.

இந்தக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்குப் போகும். யாழ்ப்பாணத்தாருக்கு இது கொஞ்சம் வியப்பாக இருக்கும், கொழும்பில் சூத்திரம் எழுதுபவருக்குத் தெரியவே தெரியாது. மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் ஆய்வு செய்து, 2008இல் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். மகளுக்குக் கலியாணம் என்றால் சீதன வீடு வேண்டும். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் மிச்சப் பிள்ளைகளோடு அதே வளவின் பின்பக்கத்தில் ஒரு குடிலைப் போட்டுக்கொண்டு போவார்கள். பிறகு இரண்டாவது மகளுக்கு இன்னொரு வீடு. இதற்காகத் தகப்பன் கட்டாருக்குப் போவார், அல்லது தாய் சவூதிக்குப் போவார். காத்தான்குடியில், ஏறாவூரில், களுவாஞ்சிகுடியில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் இப்படிக் கட்டி, கூரை போட்டு, பூசாமல் நிற்கும் வீடுகளைப் பார்க்கலாம். கடனை எப்போதும் வீட்டோடு சேர்த்தே கட்டுகிறார்கள்.

இப்போது கணக்கெடுப்பாளர் படலையைத் திறந்துகொண்டு வருகிறார். வீடு யாருடையது? மகளுடைய பெயரில், உறுதியோடு. சுவர்? கல். தரை? மாபிள், தகப்பன் கடைசியாக அனுப்பிய காசில் போட்டது. மலசலகூடம்? இருக்கிறது. மருமகன் கூலிக்குப் போகிறான், கிடைத்தால் உண்டு. நகை எல்லாம் அடைவு கடையில். இதை எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது? சூத்திரத்தின் கண்ணுக்கு அந்த இளம்பெண் வசதியான வீட்டுக்காரி. சீதனம் என்பது மூன்று தலைமுறையை ஈடுவைக்கும் கடன் என்று கேட்பதற்குக் கேள்வி கிடையாது.

பின்பக்கத்துக் குடிலில் இருக்கும் தாயும் தகப்பனும்? அவர்கள் தனிக் குடும்பமா, மகள் குடும்பத்தோடு சேர்ந்தவர்களா? ஆய்வுகளில் வழக்கமாக இதைத் தீர்ப்பது அடுப்பு. ஒன்றாகச் சமைத்தால் ஒரு குடும்பம். எங்கள் வளவுகளில் இதற்கு விடை நாளுக்கு நாள் மாறும். மகள் மீன் வாங்கிய நாளில் ஓர் அடுப்பு, தாய்க்கும் மகளுக்கும் சண்டை வந்த கிழமையில் இரண்டு. கணக்கெடுப்பாளர் எந்த நாளில் வந்தார், எப்படிக் கேட்டார், அவருக்கு அலுப்பா, இருட்டுகிறதா, முன்வீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டாரா என்பதைப் பொறுத்து இரண்டு கிழவர்களின் கொடுப்பனவு இருக்கும் அல்லது இல்லாமல் போகும். தீர்மானித்தது ஒரு மனிதர், படலையடியில், சில நிமிடங்களில். அது ஓர் எண்ணாக மாறி உள்ளே போய், பட்டியலாக மாறி வெளியே வரும்போது அதன் பெயர் கொம்பியூட்டர். ஆள் பார்க்கும் மனிதர் எங்கும் போகவில்லை. சமுர்த்திக் காலத்தில் அவர் முன்னால் நின்றார், ஏச முடிந்தது. இப்போது திரைக்குப் பின்னால் நிற்கிறார்.

சீதன வீடாவது சொந்தக் காசு, சொந்தக் கடன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் திருச்செந்தூரிலும் எழும்பிய வீடுகளை யார் கட்டியது? உலகத்துத் தொண்டு நிறுவனங்கள். போர் முடிந்த பிறகு வடக்குக் கிழக்கில் இந்திய அரசின் வீடமைப்புத் திட்டத்தில் வந்த வீடுகள் 550 சதுர அடி, ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் மானியம். கல்சுவர், ஓட்டுக்கூரை, மலசலகூடம் எல்லாம் அந்த மானியத்தில் அடக்கம். கடல் பிள்ளைகளைக் கொண்டுபோனதற்கும், போர் புருசனைக் கொண்டுபோனதற்கும் ஈடாக வந்த சுவர்கள் அவை. அந்தச் சுவரையே காட்டி, நீ அவ்வளவு ஏழை இல்லை என்று புள்ளி போடுவதை என்னவென்று சொல்வது? ஒரு கை கொடுத்ததை மறு கை சாட்சியாக வைத்துக்கொள்கிறது. பழைய சமுர்த்தி உத்தியோகத்தர் எவ்வளவு கள்ளனாக இருந்தாலும், இந்த வீடு எந்த நிறுவனம் கட்டிக் கொடுத்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மாட்டைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறேன். இத்தகைய கணக்குகளில் கால்நடை சொத்து. 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்த மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்களிடம் மாடுகள் இருந்தன. மேய்ச்சல் தரைதான் பறிபோய்க்கொண்டிருந்தது. மேயவிட இடமில்லாத மாடு சொத்தா, சுமையா? எண்ணிக்கை கேட்கத் தெரிந்த படிவத்துக்கு அது தெரியாது.

எங்கள் ஊருக்கு மட்டும் நேர்ந்த கெடுதல் என்று ஒப்பாரி வைப்பதற்காக இதை எழுதவில்லை. யோர்தானில் உலக வங்கியின் ஆதரவோடு நடக்கும் உதவித் திட்டம் 57 அடையாளங்களைப் பார்க்கிறது. மின்சாரமும் தண்ணீரும் எவ்வளவு பாவிக்கிறார்கள் என்பதும் அவற்றில் அடக்கம். பழைய குளிர்சாதனப் பெட்டி மின்சாரத்தை உறிஞ்சும், புதியதை வாங்கக் காசில்லாதவன்தான் பழையதை வைத்திருக்கிறான் என்பதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2023 ஜூனில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அஸ்வெசும பட்டியல் இங்கே ஒட்டப்பட்டதும் அதே காலத்தில்தான்.

இன்னும் கிட்ட, இந்தியாவின் தெலங்கானாவுக்கு வருவோம். எங்கள் நாளைய நிலைமை அங்கே நேற்றே நடந்துவிட்டது. சமக்ர வேதிகா என்ற மென்பொருள் அரசின் பல துறைகளில் கிடக்கும் பதிவுகளை எடுத்து, பெயரையும் முகவரியையும் ஒப்பிட்டு, இவரும் அவரும் ஒரே ஆள் என்று தானே முடிவு கட்டும். 2014க்கும் 2019க்கும் இடையில் அந்த மாநிலத்தில் 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட உணவு அட்டைகள் வெட்டப்பட்டன, முன்னறிவித்தல் இல்லாமல். ரிக்சா இழுத்த ஒருவரின் குடும்பத்துக்கு அட்டை இல்லாமல் போனது. காரணம், அவருடைய பெயரை ஒத்த பெயருள்ள வேறொருவரிடம் கார் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2022இல் வெட்டியதை எல்லாம் மீண்டும் சரிபார்க்கச் சொன்னது. சரிபார்த்து முடித்த முதல் இரண்டு இலட்சத்துச் சொச்சம் விண்ணப்பங்களில் 15,000க்கும் மேற்பட்டவை தகுதியுள்ளவர்களுடையவை என்று தெரியவந்தது. நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல். ஏழு வீதப் பிழை என்றால் கணினிக்காரருக்கு நல்ல மதிப்பெண்தான். அரிசி இல்லாத வீட்டில் பிழை முழுசு.

எங்கள் பெயர்களை இதோடு வைத்துப் பாருங்கள். குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னால். தம்பிராசா அடையாள அட்டையில் ஒரு விதமாக, வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாக, பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது விதமாக, எல்லாம் ஆங்கில எழுத்தில், தமிழ் தெரியாத கிளாக்கரின் கையால். முஹம்மதுக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டு என்று காத்தான்குடியில் கேட்டுப் பாருங்கள். போரில் இடம்பெயர்ந்தபோது பத்திரங்கள் போயின, சுனாமியில் மிச்சமும் போயின. இலங்கையில் இந்திய உதவியோடு உயிரியல் அடையாளங்களுடன் கூடிய ஒருமித்த டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது. வந்தபின் எல்லாப் பதிவுகளையும் ஒன்றோடொன்று கோத்துவிடலாம் என்று சந்தோசப்படுகிறவர்கள், யாருடைய பெயர் ஒழுங்காகக் கோக்கப்படும், யாருடைய பெயர் கோக்கப்படாது என்று ஒரு தடவை யோசிக்கட்டும்.

இன்னொரு அச்சமும் எனக்கு உண்டு, இதைப் பேசத்தான் எங்கள் ஆட்கள் தயங்குகிறார்கள். நெதர்லாந்தில் பிள்ளைப் பராமரிப்பு உதவிப்பணத்தில் மோசடி செய்யக்கூடியவர் யார் என்று ஊகிக்க வரித் திணைக்களம் ஒரு கருவியை வைத்திருந்தது. டச்சுக் குடியுரிமை இல்லாதவர்களை அது கூடுதல் சந்தேகத்தோடு பார்த்தது. பல்லாயிரம் பெற்றோர் செய்யாத மோசடிக்காகப் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி நெருக்கப்பட்டு, கடனாளிகளாகி, குடும்பம் சிதறி, கடைசியில் 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. அங்கே குடியுரிமை. இங்கே எது? 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அதன் பின் காத்தான்குடி என்ற முகவரி இருந்தாலே சோதனைச் சாவடியில் என்ன நடந்தது என்று அவ்வூரார் மறக்கவில்லை. அதற்கு முன் படுவான்கரை முகவரிக்கு என்ன நடந்தது என்று தமிழர் மறக்கவில்லை. குண்டு வெடித்த அந்தக் கிழமையில்தான் பொலிஸ் வெளியிட்ட தேடப்படுவோர் படங்களில், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த, சம்பந்தமே இல்லாத ஒரு மாணவியின் முகமும் வந்து, பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களின் பதிவுகளைக் கொடுத்து, ஆபத்தானவர் யார் என்று ஒரு கருவிக்குக் கற்றுக்கொடுத்தால், அது குற்றவாளிகளை அடையாளம் காணக் கற்காது. பொலிஸ் யாரைச் சந்தேகித்தது என்பதைக் கற்கும், அதைக் கணிதம் என்ற மரியாதையோடு திருப்பிச் சொல்லும்.

மெசினின் நடுநிலைக்குக் கிழக்கு மாகாணம் ஏற்கெனவே ஒரு தடவை விலை கொடுத்திருக்கிறது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை தாக்கப்பட்டது. சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்தார்கள் என்பது கதை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது மாவுக் கட்டி. ஆனால் கதை முகநூலில் ஓடிய ஓட்டத்தைப் பகுப்பாய்வு அறிக்கை பிடிக்க முடியவில்லை. ஒரு கிழமைக்குள் கண்டி மாவட்டத்தின் திகன எரிந்தது, மார்ச் 7இல் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. முகநூலில் எந்தப் பதிவு மேலே வர வேண்டும் என்று எந்த மனிதரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. எது கூடுதலாகக் கிளறுகிறதோ அதை மேலே தள்ளு என்று ஒருவர் எப்போதோ எழுதி வைத்திருந்தார், அவ்வளவுதான். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மேயில்.

கெட்டிக்காரர்கள் இதற்கு ஒரு மறுமொழி வைத்திருப்பார்கள்: இவை எல்லாம் பழைய, மட்டமான கருவிகள், நல்ல செயற்கை நுண்ணறிவு வந்தால் பிழை குறையும். உதாரணத்துக்கு மேற்கு ஆபிரிக்காவின் டோகோவைக் காட்டுவார்கள். கொரோனாக் காலத்தில், 2020இல், அங்கே நோவிசி என்ற திட்டத்தில் கைத்தொலைபேசிப் பதிவுகளையும் செய்மதிப் படங்களையும் வைத்து வறியவரைக் கண்டுபிடித்து, தொலைபேசிக்கே காசு அனுப்பினார்கள். ஊரடங்கில் வீடு வீடாகப் போக முடியாத நேரத்தில், வேறு வழியில்லாத இடத்தில், அது உதவியது. நான் மறுக்கவில்லை. வெள்ளம் வாவியை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வரும் மார்கழியில் அப்படி ஒன்று எங்களுக்கும் உதவலாம்.

ஆனால் அதுவே நிரந்தர நீதிபதியாக வந்து உட்கார்ந்தால்? செய்மதிக்குத் தெரிவது கூரை. மறுபடியும் அதே கதை. தொலைபேசிக்குத் தெரிவது தொலைபேசி யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. மகன் வாங்கித் தந்த சிம்மில், பேரப்பிள்ளை படம் பார்க்க ரீலோட் போடும் போனை வைத்திருக்கும் கிழவியை அது எப்படிப் படிக்கும்? கூடுதல் தரவு வந்தால் கூடுதல் உண்மை வரும் என்று நினைப்பவர்கள், வறியவர் எதையும் தனியாக வைத்திருப்பதில்லை என்பதை அறியாதவர்கள். அடுப்பு, மீற்றர், போன், தோணி, கடன் எல்லாம் கூட்டு.

பிழை குறைவது பற்றிய பேச்சே எனக்கு ஒரு திசைதிருப்பலாகத்தான் படுகிறது. அஸ்வெசும நான்கு படிகளில் முதலில் எத்தனை குடும்பங்களுக்கு இடம் வைத்தது? 4 இலட்சம், 8 இலட்சம், 4 இலட்சம், 4 இலட்சம். மொத்தம் 20 இலட்சம், அழகான முழு எண். நாட்டில் வறுமை இவ்வளவு முழு எண்ணாகவா வரும்? விண்ணப்பித்ததோ 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். கையில் இருக்கிற காசுக்கு எத்தனை பேர் என்று முதலில் தீர்மானித்து, அதற்கு ஏற்ற இடத்தில் கோட்டைப் போட்டார்கள். கோடு போடும் அதிகாரம் கொழும்பில் நிதி அமைச்சில் இருந்தது, கடன் கொடுத்தவர்களின் மேசையிலும் இருந்தது. கொக்கட்டிச்சோலையில் ஒரு பெண்ணுக்கு 8,500 ரூபாய் இல்லை என்று முடிவானது அந்த மேசைகளில். அதை அப்படியே சொல்ல அரசியல்வாதிக்குத் தைரியம் வேண்டும். "உங்களுக்குத் தரக் காசில்லை, வங்கிகளுக்குக் கட்ட வேண்டியிருக்கிறது" என்று மேடையில் சொல்லிப் பார்க்கட்டும். கொம்பியூட்டர் வெட்டினது என்று சொல்வது எவ்வளவு வசதி!

இந்த வசதிக்காகத்தான் மெசின் நடுநிலையானது என்ற நம்பிக்கை இவ்வளவு அக்கறையோடு வளர்க்கப்படுகிறது. உத்தியோகத்தருக்கும் அது வசதி, ஏச்சுக் குறைகிறது. அவரையும் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். உண்மையிலேயே அவர் கையில் அதிகாரம் இல்லை, பட்டியலைத் திருத்தும் சாவியை மேலே வைத்துக்கொண்டு அவரை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். முன்பு அதிகாரமும் முகமும் ஒரே ஆளிடம் இருந்தன. இப்போது முகம் மட்டும்.

எங்கள் வயல்களில் வட்டை விதானை என்று ஒருவர் இருக்கிறார். போகம் தொடங்குமுன் கூட்டத்தில் விவசாயிகள்தான் அவரைத் தெரிவு செய்வார்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எப்போது போக வேண்டும் என்பதில் அவருடைய சொல்லுக்கு நிறை உண்டு. அவர் தெய்வம் இல்லை. மச்சானின் வயலுக்கு இரவில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்துவிடுவார் என்று எல்லா வட்டைகளிலும் பேச்சு உண்டு, பாதி உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவருடைய வீடு தெரியும். ஏன் எனக்குத் தண்ணீர் வரவில்லை என்று கேட்டால் ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லியாக வேண்டும், பொய்க் காரணம் என்றால் நாலு பேர் அங்கேயே மறுப்பார்கள். அடுத்த கூட்டத்தில் அவரை இறக்கிவிடலாம். பக்கச்சார்பு இல்லாத விதானையை வாவிக்கரை ஒருபோதும் கண்டதில்லை. பக்கம் சாய்ந்தால் பிடித்து நிறுத்த வழி வைத்திருந்தது. சமுர்த்தியில் அந்த வழி அடைபட்டிருந்தது, அதைத் திறப்பதுதான் நியாயமான சீர்திருத்தமாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாகக் கேட்கப்படுகிற ஆளையே எடுத்துவிட்டார்கள்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் நிறைவேறிய 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, தானியங்கி முறையில் மட்டும் எடுக்கப்பட்டு ஒருவரைப் பாதிக்கும் தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமையைத் தருகிறது. கொம்பியூட்டர் வெட்டினால், மனிதர் ஒருவர் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். அருமையான பிரிவு. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்தது. அதற்குள் இன்னும் தயாராகவில்லை என்று தள்ளிப்போட்டார்கள். புள்ளி போடும் முறை 2023இலேயே தயாராகிவிட்டது, புள்ளியைக் கேள்வி கேட்கும் உரிமைதான் தயாராகவில்லை. இந்த வரிசையைப் பார்த்த பிறகும் தொழில்நுட்பம் நடுநிலையானது என்று கருத்தரங்கில் பேசுகிறவரை என்ன செய்வது?

அதுவரை கையில் இருப்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பொது அதிகார சபை ஒவ்வொன்றிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் போதும், எழுதிக்கொள்வது அந்த அலுவலரின் கடமை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஊரிலே சங்கம் வைத்திருப்பவர்கள், கோயில் நிர்வாகம், பள்ளிவாசல் நிர்வாகம், மீனவர் சங்கம், மாதர் சங்கம் எல்லாரும் ஊர்வலத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவழிக்கலாம். ஒரு கிராம சேவையாளர் பிரிவில் அஸ்வெசும பட்டியலில் வெட்டுப்பட்ட ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகக் கேட்கட்டும்: என் குடும்பத்துக்குக் கிடைத்த மொத்தப் புள்ளி எவ்வளவு, 22 அளவுகோலிலும் எனக்கு எழுதப்பட்ட விடை என்ன, என் வீட்டுக்கு வந்து அதை எழுதியவர் எந்தத் திகதியில் வந்தார், வெட்டுக்கோடு எந்தப் புள்ளியில் போடப்பட்டது, அதை அங்கே போட்டவர் எந்தப் பதவியில் இருப்பவர், யாருடைய கையெழுத்தோடு போட்டார். கடைசிக் கேள்விக்குக் கொம்பியூட்டர் என்று பதில் எழுதி அனுப்பினால், அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கேயும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.